சீட்டில் 'பாசிட்டிவ்' என்றால் கேன்சர் என்று அர்த்தம் இல்லை! கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்கு பிறகு பெண்கள் செய்ய வேண்டியது என்ன?

கடலூர்:

கடலூர் அருகே உள்ள திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் சொல்லவே வேண்டாம். தேவநாதசாமி கோவில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. விடிவதற்கு முன்பே மேளச்சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். வரிசையாக கல்யாணம் நடக்கும். பூ கட்டுவது, காய்கறி நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, மண்டபம் கூட்டுவது என்று எல்லா வேலையிலும் பெண்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு.

திருவந்திபுரம் மட்டும் இல்லை. பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள், கடலூர் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கும் பெண்கள், சிதம்பரம் பக்கம் நாற்று நடும் பெண்கள் என்று எல்லோர் கதையும் இதுதான். வலி தாங்க முடியாமல் போனால்தான் ஆஸ்பத்திரிக்கு போவார்கள்.

இப்படிப்பட்ட பெண்கள் கையில் ஒரு நாள் ஒரு சீட்டு வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, முகாமிலோ கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனை செய்ததற்கான சீட்டு. அதில் 'பாசிட்டிவ்' என்று எழுதி இருக்கிறது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்கம்மா" என்று நர்சு சொல்லி அனுப்புகிறார்.

அவ்வளவுதான். அந்த பெண்ணுக்கு உலகமே இருண்டு விடுகிறது. "எனக்கு கேன்சர் வந்துட்டுதா?" என்று நினைத்து ராத்திரி முழுவதும் தூக்கம் இல்லை. புருஷனிடம் சொல்ல பயம். மாமியாரிடம் சொல்ல வெட்கம். கடைசியில் அந்த சீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் போய் ஒளிந்து கொள்கிறது.

இன்னொரு வகை பெண்களும் உண்டு. "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே. நல்லா தானே இருக்கேன். அப்புறம் எதுக்கு போவணும்?" என்று சீட்டை தூக்கி போட்டு விடுவார்கள்.

பயந்து ஒளித்தவரும் போகவில்லை. அலட்சியமாக இருந்தவரும் போகவில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடியும் என்று எச்சரிக்கிறார்கள் டாக்டர்கள். பரிசோதனை செய்து கொண்டதன் பலன் அந்த சீட்டில் இல்லை. அடுத்த ஆஸ்பத்திரிக்கு போவதில்தான் இருக்கிறது.

'பாசிட்டிவ்' என்றால் என்ன?

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதை தாண்டிய பெண்களுக்கு இந்த பரிசோதனை இலவசமாக செய்யப்படுகிறது. தமிழ்நாடு சுகாதார திட்டத்தின் கீழ் உலக வங்கி உதவியுடன் முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007-ம் ஆண்டு சோதனை முறையில் தொடங்கியது. பிறகு 2012-ம் ஆண்டில் இருந்து படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பரிசோதனை செய்வது ரொம்ப எளிது. கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தை பஞ்சால் ஒற்றி வைப்பார்கள். சமையலுக்கு பயன்படுத்தும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிடம் பொறுத்து பார்ப்பார்கள். மாற்றம் ஏற்பட்ட இடம் இருந்தால் அது மட்டும் வெள்ளையாக தெரியும். வெள்ளையாக தெரிந்தால் 'பாசிட்டிவ்'. தெரியாவிட்டால் 'நெகட்டிவ்'.

இங்கேதான் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். புண் இருந்தாலும் வெள்ளையாக தெரியலாம். கிருமித்தொற்று இருந்தாலும் தெரியலாம். ஆறி வரும் தோல் கூட அப்படி தெரியும். அதனால் 'பாசிட்டிவ்' என்பதற்கு அர்த்தம், "இந்த இடத்தை இன்னும் கிட்டத்தில் பார்க்கணும்" என்பதுதான். கேன்சர் என்று யாரும் முடிவு சொல்லவில்லை.

சில இடங்களில் பாப் ஸ்மியர் என்ற பரிசோதனை செய்வார்கள். கர்ப்பப்பை வாயில் இருந்து லேசாக சுரண்டி எடுத்து, கண்ணாடி தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு. மாதவிலக்கு நின்று போன பெண்களுக்கு வினிகர் சோதனையில் சரியாக தெரியாமல் போகலாம் என்பதால், இந்த இரண்டில் ஒன்றை டாக்டர் செய்ய சொல்லலாம். எதில் மாற்றம் என்று வந்தாலும் கதை ஒன்றுதான். அது முடிவு அல்ல. அடுத்த படிக்கு போக சொல்லும் தகவல்.

திண்டுக்கல் சொல்லும் கணக்கு

இதற்கு ஆதாரம் நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் அருகே உள்ள அம்பிளிக்கையை மையமாக வைத்து, 2000-ம் ஆண்டில் இருந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும், பிரான்சு நாட்டில் உள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கெடுத்தன. 30 முதல் 59 வயது வரை உள்ள கிராமத்து பெண்கள் 31 ஆயிரத்து 343 பேருக்கு இதே வினிகர் சோதனை செய்தார்கள்.

அதில் 3 ஆயிரத்து 88 பேருக்கு 'பாசிட்டிவ்' வந்தது. அதாவது 100 பேரில் சுமார் 10 பேர். அவர்களை மேற்கொண்டு சோதித்து பார்த்ததில், கேன்சருக்கு முந்தைய மாற்றம் என்று கண்டறியப்பட்டவர்கள் 1,874 பேர். அந்த மாற்றமும் கேன்சர் கிடையாது. குணப்படுத்தக் கூடியது.

இன்னொரு கணக்கும் முக்கியம். 'பாசிட்டிவ்' வந்த 3 ஆயிரத்து 88 பேரில் 3 ஆயிரத்து 52 பேர் அடுத்த பரிசோதனையை செய்து கொண்டார்கள். கிட்டத்தட்ட எல்லோரும். காரணம், பயிற்சி பெற்ற நர்சுகள் அதே இடத்தில், அதே நாளில் அடுத்த பரிசோதனையையும் செய்து முடித்தார்கள். "நாளைக்கு வா, பெரிய ஆஸ்பத்திரிக்கு போ" என்ற பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

அதன் பலன் என்ன தெரியுமா? அந்த கிராமங்களில் கர்ப்பப்பை வாய் கேன்சரால் இறந்தவர்கள் விகிதம், பரிசோதனை செய்யாத கிராமங்களை விட 35 சதவீதம் குறைந்தது. 2007-ம் ஆண்டு இந்த முடிவு வெளியானபோது உலகம் முழுக்க டாக்டர்கள் திரும்பி பார்த்தார்கள். ஆனால் அந்த ஆய்விலும் மாற்றம் கண்டறியப்பட்ட 100 பேரில் 72 பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். 28 பேர் பெறவில்லை.

நம்ம ஊரில் சீட்டு வாங்கும் இடம் ஒன்று, அடுத்த டெஸ்ட் எடுக்கும் இடம் இன்னொன்று. நடுவில் ஒரு பஸ் பயணம், ஒரு நாள் கூலி, ஒரு மூட்டை பயம். அந்த இடைவெளியில்தான் பெண்கள் தவறி விடுகிறார்கள்.

கேன்சராக மாற எத்தனை வருஷம்?

கர்ப்பப்பை வாய் கேன்சர் ஒரே ராத்திரியில் வருவது இல்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் உடம்பிலேயே தங்கி விட்டால், கர்ப்பப்பை வாயில் உள்ள செல்கள் மெல்ல மெல்ல மாற ஆரம்பிக்கும். அது கேன்சராக முற்ற பொதுவாக 15 முதல் 20 ஆண்டு வரை ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டிலேயே வந்து விடலாம்.

இவ்வளவு நீண்ட அவகாசம் கொடுக்கும் கேன்சர் வேறு அதிகம் இல்லை. ஆனாலும் 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இது வந்திருக்கிறது, சுமார் 80 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது. அவகாசம் இருந்தும் பறிபோன உயிர்கள் இவை.

மாற்றம் தொடங்கும் காலத்தில் வலி இருக்காது, ரத்தம் வராது. "நல்லா தானே இருக்கேன்" என்று சொல்வது அதனால்தான் ஆபத்து. தாம்பத்தியத்துக்கு பிறகு ரத்தம் வருவது, மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி ரத்தம் படுவது, நாற்றத்துடன் வெள்ளைப்படுவது போன்றவை வந்தால், சீட்டில் என்ன எழுதி இருந்தாலும் உடனே டாக்டரை பார்க்க வேண்டும்.

கால்போஸ்கோபி: கத்தி இல்லை, ஆபரேஷன் இல்லை

பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய சொல்லும் பரிசோதனையின் பெயர் கால்போஸ்கோபி. பெயரை கேட்டதும் பலர் ஏதோ ஆபரேஷன் என்று நினைத்து விடுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. இது பூதக்கண்ணாடியும் வெளிச்சமும் பொருத்திய ஒரு கருவி. அது உடம்புக்கு உள்ளே போகாது. வெளியே வைத்து, கர்ப்பப்பை வாயை பெரிதாக்கி பார்ப்பார்கள்.

முதல் பரிசோதனையில் படுத்தது போலவே படுக்க வேண்டும். அதே அமிலத்தை தடவுவார்கள். லேசாக எரிவது போல் இருக்கும். சில நேரம் அயோடின் மருந்தும் தடவுவார்கள். மொத்தம் 10 முதல் 20 நிமிடத்தில் வேலை முடிந்து விடும். மயக்க மருந்து தேவை இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து விடலாம்.

சந்தேகமான இடம் தெரிந்தால், அங்கிருந்து அரிசி மணி அளவுக்கு சின்ன சதையை கிள்ளி எடுப்பார்கள். இதுதான் பயாப்சி. சுருக்கென்று கிள்ளியது போலவோ, மாதவிலக்கு வலி போலவோ சிறிது நேரம் இருக்கும். "சதை எடுத்தால் கேன்சர் பரவிடும்" என்று ஊரில் பேசுவது தவறு. உண்மையில் நோய் என்ன என்பது இந்த ரிசல்ட்டில்தான் உறுதியாக தெரியும்.

போவதற்கு முன்பு கவனிக்க வேண்டியவை:

மாதவிலக்கு இல்லாத நாளாக பார்த்து போக வேண்டும். பழைய சீட்டு, ஆதார் கார்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையில் எடுத்து செல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ கண்டிப்பாக சொல்ல வேண்டும். முந்தின நாளும் அன்றைக்கும் தாம்பத்தியம் வேண்டாம். உள்ளே மருந்து எதுவும் வைக்க வேண்டாம்.

துணைக்கு ஒருவர் வந்தால் தைரியமாக இருக்கும். அக்காவோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டு பெண்ணோ யாராவது போதும். பெண் டாக்டர் வேண்டும் என்றால் கேட்கலாம். "வலிக்குது, நிறுத்துங்க" என்று சொல்லவும் உரிமை உண்டு. வெட்கப்பட வேண்டியது இல்லை.

ரிசல்ட்டில் 1, 2, 3 என்று இருந்தால்...

பயாப்சி ரிசல்ட் வர சில நாட்கள் ஆகும். அதை வாங்காமல் விட்டால் இவ்வளவு தூரம் போனதும் வீண். என்றைக்கு, எந்த அறையில் வாங்க வேண்டும் என்பதை அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரிசல்ட்டில் 'சி.ஐ.என்.' என்ற எழுத்துகளும், பக்கத்தில் 1, 2, 3 என்ற எண்ணும் இருக்கலாம். இது கேன்சரின் 'ஸ்டேஜ்' கிடையாது. கேன்சருக்கு முந்தைய மாற்றம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை சொல்லும் எண். இதை குழப்பிக்கொண்டு "மூணாவது ஸ்டேஜாம்" என்று வீட்டில் அழுது புலம்புவதும் நடக்கிறது.

சி.ஐ.என்.1 என்றால் லேசான மாற்றம். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை சரி செய்து விடும். அதனால் மருந்து கொடுக்காமல் ஒரு வருஷம் கழித்து வர சொல்வார்கள். "ஒண்ணும் மருந்தே தரல" என்று கோபப்பட வேண்டாம். ஆனால் அந்த ஒரு வருஷம் கழித்து கண்டிப்பாக போக வேண்டும்.

சி.ஐ.என்.2, 3 என்றால் பொதுவாக சிகிச்சை கொடுப்பார்கள். மாறிய இடத்தை சூடான கருவியால் சில வினாடிகள் தொட்டு அழிப்பது ஒரு முறை. கடும் குளிரால் உறைய வைத்து அழிப்பது இன்னொரு முறை. இடம் பெரிதாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த பகுதியை மட்டும் எடுத்து விடுவார்கள். இதற்கு 'லீப்' என்று பெயர். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

கர்ப்பப்பையை எடுத்துடணுமா?

பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. "எதுக்கு வம்பு, மொத்தமா எடுத்துடுங்க" என்று சிலரே கேட்பார்கள். வேண்டியது இல்லை. முந்தைய மாற்றத்துக்கு கர்ப்பப்பையை எடுப்பது முதல் சிகிச்சை அல்ல. சீட்டில் 'பாசிட்டிவ்' என்று இருப்பதை மட்டும் வைத்து யாராவது உடனே ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், பயாப்சி ரிசல்ட் எங்கே என்று கேட்க வேண்டும். இன்னொரு டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

இந்த சிகிச்சைக்கு பிறகு குழந்தை பெறலாம். 'லீப்' செய்தவர்களுக்கு குறைமாத பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்பதால், கர்ப்பம் ஆனதும் டாக்டரிடம் அந்த விவரத்தை சொல்லி விட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பயாப்சி எடுத்தால் சில நாட்களுக்கு லேசாக ரத்தம் படும். காபித்தூள் நிறத்தில் கசிவு வரலாம். ரத்தம் நிற்க வைக்கும் மருந்தின் நிறம் அது. சூடு, குளிர் சிகிச்சை செய்தவர்களுக்கு சில வாரம் தண்ணீர் போல வெள்ளைப்படும். பயப்பட வேண்டாம். சுத்தமான துணியோ நாப்கினோ வைத்துக்கொண்டால் போதும்.

பயாப்சிக்கு பிறகு சுமார் ஒரு வாரமும், சிகிச்சைக்கு பிறகு 4 முதல் 6 வாரமும் தாம்பத்தியம் கூடாது. இதை புருஷனுக்கும் சொல்லி புரிய வைக்க வேண்டும். பெண் சொல்ல கூச்சப்பட்டால் நர்சையே சொல்ல சொல்லலாம். சில நாட்களுக்கு தண்ணீர் குடம், அரிசி மூட்டை போன்ற பாரம் தூக்காமல் இருப்பது நல்லது.

மாதவிலக்கை விட அதிகமாக ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, அடிவயிறு கடுமையாக வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

"யாரால வந்தது?" என்ற சண்டை வேண்டாம்

எச்.பி.வி. வைரஸ் தாம்பத்தியம் மூலம் பரவுவது. இது தெரிந்ததும் சில வீடுகளில் சந்தேகம் கிளம்பி விடுகிறது. "நீ எங்க போன?" என்று புருஷனும், "உன்னால்தான் வந்தது" என்று பொண்டாட்டியும் மல்லுக்கு நிற்பார்கள்.

இந்த வைரஸ் ரொம்ப சாதாரணமானது. திருமண வாழ்வில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது ஒரு முறை வந்து போகும். சளி பிடித்து சரியாவது போல, பெரும்பாலும் 2 வருஷத்துக்குள் தானாக போய் விடும். சிலருக்கு மட்டும் தங்கி விடும். எப்போது வந்தது, யாரிடம் இருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. 'பாசிட்டிவ்' சீட்டு நடத்தைக்கு கொடுக்கும் சர்டிபிகேட் அல்ல. இந்த வைரசுக்கும் கேன்சருக்கும் உள்ள தொடர்பை கண்டுபிடித்த ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு தடுப்பூசியும் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது.

எங்கே போவது?

சீட்டு கொடுத்த நர்சிடமே, எந்த ஆஸ்பத்திரியில், எந்த கிழமையில் கால்போஸ்கோபி செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். தப்பான நாளில் போய் திரும்பினால் ஒரு நாள் கூலி வீண். அதோடு மனசும் விட்டுப்போகும்.

திருவந்திபுரம் பக்கத்து பெண்களுக்கு கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறது. சிதம்பரம் பக்கத்தினருக்கு அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. முன்பு ராஜா முத்தையா மருத்துவக்கல்லூரி என்று இருந்தது இதுதான். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கேன்சருக்கு தனிப்பிரிவே இருக்கிறது. அரசின் 104 என்ற இலவச எண்ணில் பேசியும் ஆலோசனை கேட்கலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டம் உதவும்.

சிகிச்சை முடிந்ததும் ஒரு வருஷம் கழித்து மறுபடி பரிசோதனை செய்ய வேண்டும். அதுவரை சீட்டு, ரிசல்ட் எல்லாவற்றையும் ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வைக்க வேண்டும்.

திருவந்திபுரம் மலையை ஔஷதகிரி என்பார்கள். மருந்து மலை என்று அர்த்தம். அனுமார் தூக்கி வந்த சஞ்சீவி மலையின் துண்டு விழுந்த இடம் என்பது ஊர் நம்பிக்கை. நோய் தீர வேண்டி படி ஏறும் பெண்கள் இன்றும் உண்டு. வேண்டுதல் அவரவர் விருப்பம். ஆனால் படி இறங்கியதும் கடலூர் பஸ்சை பிடித்து, சீட்டில் போட்டுள்ள தேதியில் ஆஸ்பத்திரிக்கு போய் விட வேண்டும். ஒரு நாள் கூலியை மறு வாரமே சம்பாதித்து விடலாம்.